ஊமைக்காயத்துக்கு எந்தக் களிம்பு?

(வாசகி ஒருவரின் கடிதத்துக்குத் தோல் மருத்துவரின் பதில்)

சேரன்மகாதேவிக்கு அருகே தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து 42 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்துவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன். அவர் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். கார்த்திகை மழையில் பெருகிய ஆறு வடிந்த பிறகு, பாசி படிந்திருந்த படித்துறையில் துணி துவைக்க இறங்கியவர் வழுக்கி விழுந்ததில், இடது முன்கையும் இடது தொடையும் கல்லில் மோதின. தோல் கிழியவில்லை, எலும்பும் முறியவில்லை. அன்றிரவே புளி, கல்லுப்பு, மஞ்சள் மூன்றையும் கரைத்துக் கொதிக்கவைத்து, கை பொறுக்காத சூட்டில் முன்கையில் பற்றுப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், "நல்லா நீவி விட்டாத்தான் கட்டுன ரத்தம் கலையும்" என்று சொல்லித் தொடையில் எண்ணெய் விட்டு அழுத்தி நீவியிருக்கிறார். அதற்குப் பிறகு தொடை முன்னைவிட அதிகமாக வீங்கியது. பற்றுப் போட்ட கையில் கொப்புளங்கள் எழும்பி உரிந்தன. இப்போது மூன்று வாரம் ஆகிறது. முன்கையில் இருந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிட்டது; ஆனால் உரிந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போய் நிற்கிறது. தொடையில் வீக்கம் வடிந்தாலும், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது.

கடிதத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. முகத்தில் உள்ள மங்குக்காகவும் கைகளில் ஏறிய வெயில் கறுப்புக்காகவும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பை ஒன்றரை ஆண்டாகப் பூசிவருகிறார். அதே களிம்பைத்தான் இப்போது காயத்தின் மேலும் பூசுகிறார். சில மாதங்களாக எங்கும் இடித்துக்கொண்ட நினைவே இல்லாமல் முன்கைகளில் ஊதாத் திட்டுகள் வந்து போகின்றன. அடுத்தது, அவருடைய 71 வயது மாமியாரைப் பற்றியது. எட்டு மாதங்களுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்ட அவருக்கும் கைகளில் ஊதாத் திட்டுகள் வருவதால், 'இரத்தம் தண்ணீராகிவிட்டது' என்று பயந்து நான்கு நாட்களாக மாத்திரைகளை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தை மாதம் அண்ணன் மகளுக்குத் திருமணம். அதற்குள் கையில் உள்ள கறுப்பு மறைய எந்தக் களிம்பு பூசலாம் என்பதே அவருடைய முதன்மையான கேள்வி. கட்டிய இரத்தம் இதயத்துக்கோ மூளைக்கோ ஏறிவிடுமா, கீறி எடுத்துவிடலாமா, கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது களிம்பைப் பற்றித்தான். ஆனாலும் உங்கள் அத்தையின் மாத்திரையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் உங்கள் கைக்கு வர முடியும். கடிதத்தில் உள்ள எல்லாவற்றிலும் உயிருக்கு ஆபத்தானது அந்த ஒன்றுதான். கடிதம் கிடைத்த அன்றே இந்தப் பகுதியை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீட்டாருக்காக இங்கே மீண்டும் எழுதுகிறேன்.

நிறுத்திய மாத்திரை

ஸ்டென்ட் என்பது உலோகத்தாலான மெல்லிய வலைக் குழல். இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் வெறும் உலோகத்தின் மேல் ஒட்டி உறைந்துவிடும் இயல்புடையவை. குழாயின் உட்படலம் வளர்ந்து அந்த வலையை மூடும்வரை அப்படி உறையாமல் காப்பவைதான் உங்கள் அத்தை சாப்பிட்டுவந்த ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இரண்டு மாத்திரைகளையும், அதன்பின் ஒன்றை மட்டும் தொடரச் சொல்வது வழக்கம். யாருக்கு எவ்வளவு காலம் என்பதை ஸ்டென்ட் வைத்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மாரடைப்பு வரக்கூடும். ஆகவே அந்த மருத்துவமனையை இன்றே அழைத்து, நான்கு நாட்களாக நிறுத்தியிருப்பதை மறைக்காமல் சொல்லி, எப்படித் தொடங்குவது என்று கேளுங்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து நீங்களாகவே கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டுதல், மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அத்தையின் கையில் வரும் திட்டுகள் பார்ப்பதற்குத்தான் பயமுறுத்துகின்றன. அவர் பல ஆண்டுகள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை ஆண்டு வெயிலைத் தாங்கிய முன்கையிலும் புறங்கையிலும் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் தேய்ந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் பிடிமானம் இல்லாமல் நிற்கும். வளையல் உரசினாலோ, கட்டில் சட்டம் இலேசாகப் பட்டாலோ, யாராவது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாலோகூட அவை கசிந்துவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை அந்தக் கசிவைச் சற்றுப் பெரிதாக்குகிறது. இத்தகைய திட்டுகள் ஒன்று முதல் மூன்று வாரங்களில் மங்கி, சில சமயம் பழுப்பு நிறத்தை விட்டுச் செல்லும். இவற்றால் உடலுக்குக் கெடுதல் இல்லை. குளித்தவுடன் ஈரம் முழுதும் உலருமுன் தேங்காய் எண்ணெயோ ஈரப்பதம் காக்கும் பூச்சோ தடவுவதும், கண்ணாடி வளையல்களுக்குப் பதிலாக ஓரம் மழுங்கிய வளையல்களை அணிவிப்பதும், முழங்கைக்குக் கீழ்வரை வரும் பருத்திச் சட்டை போடுவதும், பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பதை நிறுத்துவதும் அவருடைய தோலுக்குப் போதுமான பராமரிப்பு.

ஆனால் மலம் தார்போலக் கறுத்துப் போதல், சிறுநீரில் இரத்தம், பல் ஈறிலோ மூக்கிலோ நிற்காத கசிவு, வயிற்றிலும் முதுகிலும் பெரிய திட்டுகள் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு மூளையைச் சுற்றிக் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

தோலுக்கடியில் நடப்பது

அடிபடும்போது மேல்தோல் கிழியாமல் உள்ளே உள்ள நுண்குழாய்கள் மட்டும் கிழிந்து, அவற்றிலிருந்து கசிந்த இரத்தம் திசுக்களுக்கிடையில் தங்கிவிடுவதே ஊமைக்காயம். அந்த இரத்தம் முதலில் சிவப்பாகத் தெரியும். பிறகு நீலமாகவும் கருஊதாவாகவும் மாறும். உடலின் துப்புரவு அணுக்கள் வந்து ஹீமோகுளோபினைச் சிதைக்கும்போது பச்சை நிறமுள்ள பிலிவெர்டினும், அடுத்து மஞ்சள் நிறமுள்ள பிலிருபினும் உண்டாகின்றன. அதிலிருந்த இரும்பு, ஹீமோசிடரின் என்னும் பழுப்புப் பொருளாகச் சில காலம் தங்கும். உங்கள் முன்கை இந்த வரிசையில் ஒன்றையும் தவறவிடாமல் கடந்து, மூன்று வாரத்துக்குள் ஆறிவிட்டது. இதற்குப் பற்றோ களிம்போ காரணமல்ல. அவை எதுவும் இல்லாமலே இது நடந்திருக்கும். பெரும்பாலான ஊமைக்காயங்கள் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஆறிவிடும்; கால், தொடை போன்ற கீழ்ப்பகுதிகளில் இன்னும் சில நாட்கள் கூடுதலாகும்.

மாநிறத்திலும் கறுத்த தோலிலும் பச்சையும் மஞ்சளும் எடுப்பாகத் தெரிவதில்லை. ஊதாவும் கறுப்பும்தான் கண்ணில் படும். அதனால் உள்ளே ஆறிக்கொண்டிருக்கும்போதே 'ஆறவில்லை' என்ற எண்ணம் வந்து, அடுத்தடுத்து ஏதாவது பூசத் தோன்றுகிறது. நிறத்தைப் பார்ப்பதைவிட விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். வலி நாளுக்கு நாள் குறைந்து, இறுக்கம் தளர்ந்து வந்தால் ஆறுகிறது என்றே கொள்ளலாம்.

மூன்றாம் நாள் தொடையில் இருந்த நீலம் முழங்காலை நோக்கி இறங்கியதைப் பார்த்து, இரத்தம் பரவுகிறது என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். கசிந்த இரத்தம் புவியீர்ப்பால் தசை இடுக்குகள் வழியே கீழே வடியும். நெற்றியில் அடிபட்டவருக்கு இரண்டு நாள் கழித்துக் கண்ணைச் சுற்றிக் கறுப்பதும் இதனால்தான். அது குழாய்க்கு வெளியே நிற்கும் இரத்தம். மீண்டும் குழாய்க்குள் புகுந்து இதயத்துக்கோ மூளைக்கோ செல்ல அதற்கு வழியில்லை. உடல் அதை இருந்த இடத்திலேயே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்து, ஒரு கால் மட்டும் மற்றதைவிடப் பருத்தால் அது வேறு விஷயம். அடிபட்டு நடமாட்டம் குறைந்தவர்களுக்கு ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறையக்கூடும் என்பதால் அதை உடனே காட்டுங்கள்.

பற்று, ஒத்தடம், நீவுதல்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது, உங்களை இப்போது வருத்துகிற இரண்டுமே படித்துறைக் கல்லால் வந்தவை அல்ல என்பதுதான். கையில் உள்ள கறுப்பு, கட்டிய இரத்தத்தின் நிறம் அல்ல. அது கொதிக்கும் பற்று சுட்டதால் வந்த தழும்பின் நிறம். தொடையில் உள்ள கட்டியும், கசிவு நிற்பதற்கு முன்பே நீவியதால் பெரிதான இரத்தத் தேக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டாரையோ அந்தப் பெரியவரையோ குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் துடித்துப்போய் உதவியிருக்கிறார்கள். ஆனால் எதை எந்த நேரத்தில் செய்வது என்பதில்தான் இந்தக் காயத்தின் வைத்தியம் முழுவதும் இருக்கிறது.

அடிபட்ட முதல் 48 மணி நேரம் குளிர்ச்சிக்கு உரியது. கிழிந்த நுண்குழாய்கள் சுருங்கினால் கசிவு குறையும். சூடு பட்டால் அவை விரிந்து இன்னும் கசியும். பனிக்கட்டியை நேரே தோலில் வைக்காமல் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து முதல் இருபது நிமிடம் வரை, நாளுக்குப் பல தடவை வைக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துண்டை அடிக்கடி மாற்றி வைத்தாலும் ஓரளவு பலன் உண்டு. அடிபட்ட கையையோ காலையோ தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். மீள்தன்மையுள்ள கட்டுத்துணியை விரல்கள் மரத்துப்போகாத அளவுக்குச் சுற்றலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை கசிவைக் கூட்டும் என்பதால் முதல் சில நாட்களுக்கு அவற்றைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு நாள் கழிந்து வீக்கம் நின்ற பிறகுதான் சூட்டுக்கு வேலை வருகிறது. அப்போது வெதுவெதுப்பான ஒத்தடம் இரத்த ஓட்டத்தைக் கூட்டி, தேங்கியதை உறிஞ்ச உதவும். நொச்சி இலை ஒத்தடமோ, தவிட்டு ஒத்தடமோ, வெந்நீரில் நனைத்த துணியோ எதுவானாலும், மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து உங்களுக்கே இதமாக இருந்தால் மட்டும் காயத்தில் வையுங்கள். அடிபட்ட இடத்தில் உணர்வு மந்தமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் மந்தமாக இருக்கும். சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகும்.

நம் பக்கத்தில் பழக்கத்தில் உள்ள பற்றுகளில் மூசாம்பரத்தை (உலர்த்திய கற்றாழைப் பாலை) முட்டை வெண்கருவில் குழைத்துப் போடுவது, ஆறவைத்துப் போட்டால், தோல் உடையாத இடத்தில் பெரிய கெடுதல் செய்வதில்லை. ஆனால் காய்ந்து இறுகியதைப் பிய்த்து எடுக்கும்போது வயதானவர்களின் மெல்லிய தோலும் கூடவே வந்துவிடும். நன்றாக நனைத்துத்தான் எடுக்க வேண்டும். மஞ்சளைச் சுண்ணாம்போடு குழைத்துப் போடுவதையும், பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டுவதையும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். சுண்ணாம்பு கடுங்காரம், பூண்டுச் சாறும் தோலை எரிக்கும். இரண்டினாலும் இரண்டாம் நிலைத் தீக்காயம் போலக் கொப்பளித்து வருகிறவர்களைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

நீவுவதைப் பற்றி ஒரு சொல். தொடை போன்ற பருத்த தசையில் அடிபட்டதும் அழுத்தி நீவினால், அப்போதுதான் அடைபடத் தொடங்கிய குழாய்கள் மறுபடி திறந்துகொள்ளும். சிலருக்குத் தசைக்குள் தேங்கிய இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்புபோல இறுகிவிடுவதும் உண்டு. சுளுக்குக்கு நீவுவது வேறு, புதிய இரத்தக்கட்டை நீவுவது வேறு. சித்த மருத்துவத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், 1964 முதல் பாளையங்கோட்டையில் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் புறநோயாளர் பிரிவில், படித்த மருத்துவர்களிடம் காட்டுங்கள். சாப்பிடும் ஆங்கில மருந்துகளையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பிளேடால் கீறி இரத்தத்தை எடுப்பது கூடவே கூடாது. மூடிய காயத்தில் கிருமிக்கு வழியில்லை. கீறியதும் நாமே வாசலைத் திறந்துவிடுகிறோம். சீழ் பிடிப்பதும் இரணஜன்னியும் அந்த வழியாகத்தான் வருகின்றன. நகத்துக்கடியில் இரத்தம் கட்டித் தாங்க முடியாத வலி இருந்தால் மருத்துவர் நகத்தில் சிறு துளையிட்டு எடுப்பார். பெரிய தேக்கமாக இருந்தால் ஊசியால் உறிஞ்சுவார். இரண்டும் மருத்துவமனையில் நடக்க வேண்டியவை.

அந்தக் களிம்பு

களிம்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. குழாயின் மேல் பொடி எழுத்தில் உள்ளதைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெட்டமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. தோல் நோய்களுக்கு அளவோடு, குறிப்பிட்ட நாட்களுக்குத் தரும்போது இவை அருமையான மருந்துகள். மங்குக்குத் தரும் கூட்டுக் களிம்பில்கூட இது சேர்ந்திருக்கும். ஆனால் அதைப் பொதுவாக எட்டு வாரத்துக்கு மேல் தொடரச் சொல்வதில்லை. ஒன்றரை ஆண்டு என்பது மிக நீண்ட காலம். மாதக்கணக்கில் பூசும்போது ஸ்டீராய்டு கொலாஜனைக் குறைத்துத் தோலை மெலியச் செய்கிறது. உங்கள் அத்தையின் முன்கையில் வெயிலும் வயதும் செய்ததை, 42 வயதில் உங்கள் முன்கையில் இந்தக் களிம்பு செய்திருக்கக்கூடும். இடிக்காமலே திட்டு வருகிறது என்று நீங்கள் எழுதியதற்கு நான் முதலில் சந்தேகிக்கும் காரணம் இதுதான். தண்ணீர்க் குடத்தின் விளிம்பு, பேருந்துக் கம்பி, கதவுத் தாழ்ப்பாள் என்று நினைவில் பதியாத சிறு உரசல்களே மெலிந்த தோலில் இரத்தம் கசியப் போதுமானவை.

காயத்தின் மேல் பூசுவதை இன்றோடு நிறுத்துங்கள். வெந்து உரிந்த தோல் ஆறுவதை அது தாமதப்படுத்தும். ஆனால் முகத்தில் பூசுவதைத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். இத்தனை காலம் பழகிய முகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் சிவந்து, எரிந்து, பருக்கள் பொங்கும். அதைப் பார்த்துப் பயந்து மீண்டும் அதையே பூசுகிறவர்கள் பலர். வீரியம் குறைந்த களிம்புக்கு மாற்றி, படிப்படியாக விடுவிக்க வேண்டும். அதற்குத் தோல் மருத்துவரின் கண்காணிப்புத் தேவை. கைகளின் தோல் ஓரளவுக்குத் தேறும். அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

உங்கள் உரிமையையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்துவிட்டது. 'முகத்துக்கு நல்ல கிரீம்' என்று கேட்டதும் எடுத்துக் கொடுப்பது உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல. எந்த மருந்தை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். சீட்டில்லாமல் தொடர்ந்து விற்கும் கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் புகார் தரலாம்.

திருமணத்துக்குள் மறையுமா?

நேர்மையாகச் சொன்னால், முழுதாக மறையாது. வெந்த தோலில் கூடுதலாகச் சுரந்த மெலனின் என்னும் நிறமி மங்கச் சில மாதங்கள் ஆகும். நம் நிறத்தில் ஓராண்டுகூட ஆகலாம். ஆனால் பெரும்பாலும் மங்கிவிடும். அதுவரை எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள வெயில் தடுப்புப் பூச்சையோ, இன்னும் எளிதாக முழுக்கைச் சட்டையையோ பயன்படுத்தி அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் கறுப்பு இன்னும் ஆழமாகும். நாளுக்கு இருமுறை ஈரப்பதம் காக்கும் பூச்சைத் தடவுங்கள். தோல் முழுதாக மூடிய பிறகு, அசெலாயிக் அமிலம் அல்லது நியாசினமைடு உள்ள களிம்பை நேரில் பார்த்துத்தான் எழுதித் தர முடியும். ஹெப்பாரின் கலந்த பூச்சு, ஆர்னிகா, வைட்டமின் கே களிம்பு ஆகியவை ஊமைக்காயத்துக்கென்று விற்கப்படுகின்றன. அவற்றுக்கான ஆதாரம் வலுவானதல்ல. இரத்தம் கரைந்துபோன உங்கள் கைக்கு இனி அவற்றால் செய்வதற்கும் ஒன்றுமில்லை. திருமணத்தை நினைத்து அவசரமாக பிளீச்சோ, லேசரோ, எலுமிச்சைச் சாறோ வேண்டாம். ஆறிவரும் தோல் மறுபடி வெந்து இன்னும் கறுக்கும். மணநாளுக்கு முழங்கைக்குக் கீழே இறங்கும் கை வைத்து ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒப்பனை செய்பவரிடம் சொன்னால், ஆரஞ்சுச் சாயல் கொண்ட நிறத்திருத்தியை அடியில் பூசி அதன்மேல் உங்கள் நிறப் பூச்சைப் போட்டு மறைத்துவிடுவார். ஒரு வாரம் முன்னதாகவே வலது கையில் சிறிது பூசிப் பார்த்து, அரிப்பு வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொடையில் உள்ள கட்டிக்கு இப்போது வெதுவெதுப்பான ஒத்தடத்தை நாளுக்கு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் சுளகை வைத்துத்தான் பீடி சுற்றுவீர்கள். அதன் விளிம்பு மணிக்கணக்கில் அதே தொடையை அழுத்திக்கொண்டிருக்கும். கட்டி கரையும்வரை சுளகை ஒரு தாழ்ந்த பலகையின் மேல் வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குங்கள். இரண்டு வாரத்தில் கட்டி தெளிவாகச் சிறுக்காவிட்டாலோ, பெரிதாகிக் கெட்டிப்பட்டாலோ, முழங்காலை மடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு சிவந்து சுட்டாலோ அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பத்தியம் எதுவும் தேவையில்லை. கத்தரிக்காய்க்கும் இந்தக் காயத்துக்கும் தொடர்பில்லை. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் இதய நோயாளியான அத்தைக்குத்தான் குறைக்க வேண்டும், உங்களுக்கு அல்ல. திசு வளரப் புரதம் வேண்டும். குழாய்ச் சுவர் உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். பருப்பு, முட்டை, மீன், நெல்லிக்காய், கொய்யா எல்லாம் சாப்பிடுங்கள். இரத்தம் உறைவதை வேறு வழியில் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அத்தை சாப்பிடும் மாத்திரைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரத்தம் பார்ப்பது

களிம்பின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தாலும், அதுதான் காரணம் என்று பரிசோதிக்காமல் முடிவு கட்ட மாட்டேன். முழு இரத்த எண்ணிக்கை, இரத்தம் உறையும் நேரம், கல்லீரல் செயல்பாடு ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். தட்டணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. மாதவிடாயின்போது இரத்தப்போக்கு மிகுந்துள்ளதா, பல் துலக்கும்போது ஈறு கசிகிறதா, குடும்பத்தில் யாருக்காவது சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் போனதுண்டா என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் டெங்குவுக்கும் காலம். காய்ச்சலோடு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் தோன்றினால் களிம்பைத் தேடாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் உங்கள் பகுதியில் உள்ள நல மருந்தகத்தில் முதலில் காட்டலாம். அங்கிருந்து அனுப்பினாலும் நேராகச் சென்றாலும், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் இந்தப் பரிசோதனைகளுக்கும் களிம்பை விடுவிக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. போகும்போது களிம்புக் குழாய் காலியாகியிருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். அத்தையையும் கூட அழைத்துப் போவதானால் அவருடைய மாத்திரை அட்டைகளும், ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அறிக்கையும் கையில் இருக்கட்டும்.